குடித்தது உண்மை, ஆடு பொய்

கந்தர்வக்கோட்டைக்கும் கறம்பக்குடிக்கும் நடுவில் எழுதப்பட்ட எந்தத் தாளும் அந்த மனிதர் காதுக்குத் தப்பியதில்லை. பேங்க் பாரம், ஆஸ்பத்திரிச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, மருந்து டப்பாவுக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் பொடியெழுத்துக் காகிதம், எதுவானாலும் சரி. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை யாராவது வாய்விட்டுப் படிக்க வேண்டும், அவர் கேட்க வேண்டும். கேட்டு முடித்ததும் இரண்டே சொல் சொல்வார்: "திருப்பிப் படிங்க." ஊரில் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. திருப்பிப்படி அண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. கோர்ட்டில் அந்தப் பெயரைச் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டபோது, யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவரும் சேர்ந்து திரும்பிப் பார்த்தார்.

படிக்கத் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். பத்தாவது பாஸ். ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் வேன் டிரைவர். டீக்கடையில் தினத்தாளை வரி விளம்பரம் வரை வாசிக்கிற ஆள். ஆனால் கையெழுத்துப் போட வேண்டிய தாள் என்றால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டிக்கொள்வார். அதற்கு அவரிடம் ஒரு சித்தாந்தம் இருந்தது.

"தம்பி, பேனாவுக்கு வெக்கம் கெடையாது. பொய்ய எழுதச் சொன்னாலும் சரசரன்னு எழுதிப்புடும். நாக்கு அப்புடி இல்ல. எதுத்தாப்புல ஆளை நிப்பாட்டி வச்சுக்கிட்டு வாயால படிக்கிறப்ப, பொய் வர்ற எடத்துல அது தட்டும். தட்டுன எடத்த மட்டும் திருப்பிப் படிக்கச் சொல்லிப் பாருங்க. வேர்த்துப் போயிருவாக."

இந்த ஞானம் அவருக்கு வந்த கதை தனி. இருபது வயதில் பக்கத்து ஊருக்குப் போனவர், ஒரு பந்தலில் நீளமாக வரிசை நிற்பதைப் பார்த்திருக்கிறார். நம் மாவட்டத்தில் வரிசையைக் கண்டால் அன்னதானம் என்று நினைப்பது இயல்புதானே? நின்றார். பேர் கேட்டார்கள், சொன்னார். ஒரு தாளை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டார். டாக்டர் ஒருவர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். சாப்பாட்டுக்கு முன் இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்துபோனார். மஞ்சள் பனியன் கொடுத்தார்கள், சந்தோஷமாக மாட்டிக்கொண்டார். அடுத்த கால் மணி நேரத்தில் வாடிவாசல் திறந்தது. இலைக்காகக் காத்திருந்தவர் முன்னால் காளை வந்து நின்றது.

"அப்பறம் என்னண்ணே ஆச்சு?"

"என்ன ஆகும்? தடுப்புக் கம்பு மேல ஏறி உக்காந்தவன், கடைசி மாடு போனப்பறந்தான் எறங்குனேன். மைக்குல வேற, 'மஞ்ச பனியன் நாப்பத்தேழு கீழ வாங்க, கீழ வாங்க'ன்னு கூப்புடுறாக. அன்னைக்கு நெனச்சேன் தம்பி. இனிமே படிச்சுக் காட்டாத தாள்ல கையெழுத்து கெடையாது."

சொன்னபடியே வாழ்ந்தார். வாழ்ந்தார் என்பதைவிட, மற்றவர்களை வாழவிடவில்லை என்பது பொருத்தம். பேங்கில் பெயர் திருத்தும் பாரத்தை மேனேஜர் அவருக்குப் படித்துக்காட்டி முடித்தபோது, பின்னால் நின்ற வரிசை கலைந்து, சாப்பிடப் போய், மறுபடியும் வந்து சேர்ந்திருந்தது. குடலிறக்க ஆபரேஷனுக்கு மேசையில் படுத்தவர், சம்மதக் கடிதத்தை டாக்டரே படிக்க வேண்டும் என்றார். 'உயிருக்கு ஆபத்து ஏதும் நேர்ந்தால் மருத்துவமனை பொறுப்பல்ல' என்ற வரியில் டாக்டர் லேசாகச் செருமினார். அவ்வளவுதான்.

"திருப்பிப் படிங்க சார்."

படித்தார்.

"நீங்க பொறுப்பில்ல, சரி. நான் மயக்கத்துல கெடப்பேன், நானும் பொறுப்பில்ல. அப்ப யாருதான் சார் பொறுப்பு? அதையும் எழுதிப்புடுங்க."

கடைசியில் டாக்டர் கடிதத்தின் கீழே 'என்னால் ஆனதைச் செய்வேன்' என்று தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் இவர் மயக்க ஊசிக்குக் கண்ணை மூடினார். புது செல்போன் வாங்கியபோது இதைவிடக் கூத்து. 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானை அமுக்கச் சொன்னது போன். எதை ஒப்புக்கொள்வது? அமுக்க மாட்டேன் என்றுவிட்டார். வேனில் வந்த பிள்ளைகள் முறை வைத்து அந்த ஆங்கில நிபந்தனைகளைத் தினம் ஒரு பக்கம் உரக்கப் படித்து முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. அந்த வருடம் அந்த வேனில் வந்த பிள்ளைகள் மட்டும் ஆங்கிலத்தில் தேறிய மர்மம் பள்ளிக்கூடத்துக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சரி, எனக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? நான் அப்போது வக்கீல். சிரிக்காதீர்கள். பத்திரிகைக்கு வருவதற்கு முன் பதினோரு மாதம் ஒரு தாலுகா கோர்ட்டில் கறுப்புக் கோட்டு மாட்டியிருந்தேன். அதில் முதல் நாலு மாதம் என் கோட்டுக்கு இருந்த ஒரே வேலை, வெயிலில் காய்வது. இலவச சட்ட உதவிக் குழுவில் பெயர் கொடுத்துவிட்டு, ஒரு கேஸ் வராதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் திருப்பிப்படி அண்ணன் வந்தார். என் முதல் கட்சிக்காரர்.

நடந்தது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பூரிலிருந்து அவர் மச்சான் வந்திறங்கியிருக்கிறார். மச்சான் வந்தால் பாட்டிலும் வரும். வருடத்துக்கு ஒரு தடவை தொடுகிற மனிதர், அன்றைக்கு முந்திரித் தோப்பு நிழலில் உட்கார்ந்து, கூடுதலாக இன்னொரு தடவையும் தொட்டுவிட்டார். மூன்று மணி வெயிலில் தன் பழைய மொபெட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். அது மொபெட்டா, மிதிக்கிற தையல் மெஷினா என்று ஊரில் நீண்டநாளாக ஒரு சந்தேகம் உண்டு. ஏற்றத்தில் அதை ஓட்டிப்போகும்போது, நடந்துபோகிறவர்கள் ஓரமாக ஒதுங்கி இவரைத் தாண்டிப் போவார்கள்.

தோப்பு முக்கில் போலீஸ். ஊதச் சொன்னார்கள். ஊதினார். மிஷின் காட்டிய எண்ணை ஏட்டையா படித்துச் சொன்னார். அண்ணன் திருப்பிப் படிக்கச் சொன்னார். இரண்டாவது தடவையும் அது குறையவில்லை.

இதற்கிடையில் ரோட்டோரத்தில் ஓர் ஆடு கால் ஒடிந்து கிடந்தது. பக்கத்தில் ஆட்டுக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார். இடித்தது எது என்று தெரியவில்லை. அங்கே நின்ற வண்டி ஒன்றுதான், குடித்திருந்த ஆளும் ஒருவர்தான். ஏட்டையா இரண்டையும் ஒரே தாளில் எழுதிவிட்டார். கெட்ட மனிதரில்லை. தாளை மிச்சம் பிடிக்கிறவர்.

"இந்தாய்யா, கையெழுத்தப் போடு."

"படிங்க ஏட்டையா."

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷன் சுவரிலும், கைதானவருக்கு என்னென்ன உரிமை உண்டு என்று ஒரு போர்டு தொங்கும். தொங்குவதுதான் அதற்கு வேலை. ஒரு தடவை பாஸ்போர்ட் விசாரணைக்குப் போன அண்ணன், பாரா நின்ற போலீஸ்காரரை அந்தப் போர்டை முழுதாகப் படிக்க வைத்துக் கேட்டிருக்கிறார். அந்தப் போலீஸ்காரருக்கே அன்றைக்குத்தான் அதெல்லாம் தெரியும் என்று கேள்வி. ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனின் கால் தள்ளாடியது, நாக்கு குழறியது, கேள்வி மட்டும் நேராக நின்றது.

"எதுக்காகப் புடிக்கிறீங்கன்னு சொல்லணும்ல ஏட்டையா? வீட்டுக்குத் தாக்கல் சொல்லணும்ல? வக்கீலப் பாக்கலாம்ல? ஜாமீன் உண்டா இல்லையான்னு சொல்லணும்ல?"

"எல்லாம் உண்டுய்யா. மொதல்ல நேரா நில்லு."

ஏட்டையா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முந்திரி மரத்தடியில் நின்று படித்தார். 'மது அருந்திய நிலையில் மேற்படி வாகனத்தை ஓட்டி வந்து' என்பது வரை கம்பீரமாக வந்தது. அதற்கடுத்து, 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்ற இடத்தில் தொண்டை கட்டியது. 'ஆட்டின் மீது மோதி' என்ற இடத்தில் நாக்கு தட்டியது.

"ஏட்டையா, அந்த எடத்தத் திருப்பிப் படிங்க."

திருப்பிப் படித்தார். இந்தத் தடவை இரண்டு இடத்தில் தட்டியது.

"குடிச்சேன், எழுதிக்குங்க. ஆட்ட அடிச்சுருங்க."

"ஆடு ஏற்கெனவே அடிபட்டுத்தான்யா கெடக்கு!"

"அய்யோ, தாள்ல இருக்குற ஆட்டச் சொல்றேன் ஏட்டையா."

"எழுதுனத அடிச்சா அசிங்கமா இருக்கும். அதிகாரி கேப்பாரு. பேசாமப் போடு, எல்லாம் ஒரே அபராதந்தான்."

அண்ணன் பேனாவை வாங்கினார். அடியில் தன் கையால் ஒரு வரி எழுதினார்: 'குடித்தது உண்மை, ஆடு பொய்.' அதற்குக் கீழே கையெழுத்து. அந்தத் தாளின் நகலை நான் இன்றும் வைத்திருக்கிறேன். என் வக்கீல் வாழ்க்கையில் நான் பார்த்த மிகச் சிறந்த சட்ட ஆவணம் அதுதான்.

ஸ்டேஷனிலேயே ஜாமீனில் விட்டார்கள். சம்மன் வந்ததும் என்னிடம் வந்தார். நான் வக்காலத்தை நீட்டி, "இங்கிட்டு ஒரு கையெழுத்துண்ணே" என்றேன். முதல் கேஸ் வந்த அவசரம் எனக்கு.

"படிங்க தம்பி."

வக்காலத்தை யாராவது படிப்பார்களா? சட்டக் கல்லூரியில் ஐந்து வருடம் படித்த நானே அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் படித்தேன். 'எனக்காகச் சமரசம் செய்துகொள்ளவும், எனக்காக ஒப்புக்கொள்ளவும்' என்று போய்க்கொண்டே இருந்தது. எவ்வளவு பெரிய அதிகாரம் எனக்கு இருக்கிறது என்று எனக்கே பயமாகிவிட்டது.

"நில்லுங்க. எனக்காக நீங்க ஒத்துக்கிருவீகளா? குடிச்சது நீங்களா?"

"இல்லண்ணே, அது வழக்கமா எழுதுறது."

"நாஞ் செஞ்சத நாந்தான் ஒத்துக்குவேன். அத அடிங்க."

அடித்தேன். பிறகு, ஒரு வக்கீல் என்ற மிடுக்கோடு நல்ல யோசனை ஒன்றைச் சொன்னேன். இந்த மாதிரி கேஸில் எல்லோரும் செய்வது என்ன? 'ஒத்துக்கிறேன்' என்று சொல்லி, அபராதத்தைக் கட்டிவிட்டு, அஞ்சு நிமிடத்தில் டீ குடிக்கப் போவது. நம் ஊரில் அதை பஸ் டிக்கெட் எடுப்பது போலத்தான் நினைக்கிறோம்.

"ஒத்துக்கிட்டா தாள்ல என்னன்னு எழுதுவாக?"

"குற்றவாளின்னு எழுதுவாங்க."

"ஆட்டுக்கும் சேத்தா?"

"ஆமா. ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு."

அண்ணன் வக்காலத்தை மடித்து மேசையில் வைத்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். பள்ளிக்கூடத் தாளாளரைப் பார்த்து அவரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். லீவு நாளில் குடித்ததற்கு லைசென்ஸ் முடங்கிக் கிடக்கிற காலம் முடியும்வரை வேனைத் தொடக்கூடாது, அதன்பிறகு பார்க்கலாம் என்று தாளாளர் சொல்லியிருக்கிறார். ஆனால் ஓட்டும்போது எதையாவது இடித்தார் என்று கோர்ட் எழுதிவிட்டால் ஆயுசுக்கும் வேன் கிடையாது. பிள்ளைகள் ஏறுகிற வண்டி. எந்தத் தாய் ஒப்புவாள்?

"இருவத்திரெண்டு வருசம் தம்பி. ஒரு கோழிய இடிச்சதில்ல. நாய் படுத்துருந்தா எறங்கி, எழுப்பி விட்டுட்டுப் போவேன். குடிச்சது நாஞ் செஞ்ச தப்பு, அதுக்கு என்ன குடுத்தாலும் வாங்கிக்கிறேன். இந்த ஆடு என் தலையில ஏறக்கூடாது."

அதுவரை வேடிக்கையாகவே நினைத்துக்கொண்டிருந்த நான் கோட்டுப் பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டேன்.

அன்று ராப்பகலாகக் கேஸ் கட்டைப் புரட்டி ஒரு புதையலைக் கண்டுபிடித்தேன். ஊதிப் பார்த்த மிஷின் கக்கிய சீட்டு கட்டில் இணைக்கப்படவில்லை. எத்தனை மணிக்குச் சோதித்தார்கள் என்பதும் இல்லை. முழுதாகவே தப்பிக்க வழி இருக்கிறது! ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அண்ணே, நீங்க வாயே தொறக்க வேணாம். நிரூபிக்க வேண்டியது அவங்க. பேசாம இருக்குறது ஒங்க உரிமை. ஆடும் போயிரும், குடியும் போயிரும்!"

"அது எனக்குள்ள உரிமையா?"

"சத்தியமா உரிமைண்ணே. அரசியல் சட்டத்துலயே இருக்கு."

"சரி. கோர்ட்டுல என்னான்னு சொல்லுவீக? ஒருக்காச் சொல்லிக் காட்டுங்க."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். "கனம் கோர்ட்டார் அவர்களே, என் கட்சிக்காரர் அன்றைக்கு மது…" நாக்கு தட்டியது. எனக்கே கேட்டது. அண்ணன் பாவம், திருப்பிப் படிக்கச் சொல்லவில்லை. சிரித்தார்.

"உரிமை இருக்கட்டும் தம்பி, நல்லதுதான். செய்யாதவனுக்கு அது வேணும். நாளைக்கு வேன்ல ஏறுற புள்ள 'அண்ணே, குடிச்சீங்களா'ன்னு கேட்டா, எந்தச் சட்டத்தச் சொல்லி நான் பேசாம இருக்குறது? எனக்கு ஆட்ட மட்டும் எறக்கி விட்டுருங்க, போதும்."

என் முதல் வெற்றி என் கண் முன்னாலேயே காற்றில் கரைந்தது.

வாய்தா நாள் வந்தது. கோர்ட் என்றால் நம் ஜனங்களுக்கு ஒரு மரியாதை உண்டு. உயரத்தில் உட்கார்ந்திருப்பவர் எது சொன்னாலும் 'சரிங்கய்யா', 'சரிங்கம்மா' என்றுதான் வாயில் வரும். அன்றைக்கு அண்ணனுக்கு முன்னால் ஏழு பேர். குற்றச்சாட்டைப் படிக்க ஆரம்பிப்பதற்குள்ளேயே ஏழு பேரும் 'சரிங்கம்மா' என்று கும்பிட்டு, குற்றவாளிகளாகி, அபராதம் கட்டப் போய்விட்டார்கள். ஏழாவது ஆள் பேரில் கேஸே இல்லை. அவர் யாருக்கோ துணைக்கு வந்தவர் என்று பிறகுதான் தெரிந்து, திருப்பி அனுப்பினார்கள்.

எட்டாவது அண்ணன். பெயரை மூன்று தடவை கூப்பிட்டு, நான் விலாவில் இடித்த பிறகு கூண்டில் ஏறினார். குமாஸ்தா குற்றச்சாட்டை ஒரே மூச்சில் படித்து முடித்தார்.

"ஒத்துக்கிறீங்களா?"

"அம்மா, கோவிச்சுக்கக் கூடாது. கொஞ்சம் மெதுவாத் திருப்பிப் படிக்கச் சொல்லுங்கம்மா."

என் கோட்டுக்குள் வேர்வை ஓடியது. நீதிபதி அம்மா தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு தாளைத் தன் கையில் வாங்கினார். நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு குற்றச்சாட்டாக, அர்த்தமும் சொல்லி அவரே படித்தார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"மொதல்ல படிச்சது உண்மைங்கம்மா. குடிச்சுட்டு ஓட்டுனேன். புத்தி கெட்டுப் போச்சு. ரெண்டாவது படிச்சது பொய்ங்கம்மா. ஆட்ட நான் பாத்ததே எறங்குனப்பறந்தான்."

"ரெண்டாவதுக்கு விசாரணை வைக்கணும். பல தடவை வர வேண்டியிருக்கும். தெரியுமா?"

"வாரேம்மா."

முதல் குற்றத்துக்கு அபராதமும், ஆறு மாதம் லைசென்ஸ் முடக்கமும். ஆட்டுக்கு விசாரணை. குடித்துவிட்டு ஓட்டியதை ஒத்துக்கொண்டு, ஓர் ஆட்டுக்காக நாலு வாய்தா அலைந்த மனிதரை அந்தக் கோர்ட் அதற்கு முன் பார்த்ததில்லை. எல்லா வாய்தாவுக்கும் பஸ்ஸில் வந்தார். அந்த ஆறு மாதமும் தினம் காலையில் அதே வேனில், வேறொரு டிரைவர் ஓட்ட, கிளீனராக நின்று பிள்ளைகளை ஏற்றி இறக்கினார்.

சாட்சி விசாரணை அன்று ஏட்டையா கூண்டில் ஏறினார். குறுக்கு விசாரணைக்கு நான் நாற்பத்தொரு கேள்வி தயாரித்து வைத்திருந்தேன். எழுந்து நின்றதும் நாற்பத்தொன்றும் மறந்து போயின. பின்னாலிருந்து அண்ணன் கிசுகிசுத்தார்.

"ஒண்ணுங் கேக்க வேணாம் தம்பி. அவரு எழுதுனத அவரையே படிக்கச் சொல்லுங்க."

சொன்னேன். ஏட்டையா கண்ணாடியை மாட்டினார். மது வரை கம்பீரம். அதிவேகத்தில் இருமல். ஆட்டில் அதே தட்டல். என் வாய் என்னைக் கேட்காமலேயே திறந்துகொண்டது.

"திருப்பிப் படிங்க."

நீதிபதி அம்மா பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். ஏட்டையா மறுபடி படித்தார். பாதியில் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்தார்.

"அம்மா, மோதுனத நான் பாக்கலைங்கம்மா. அந்தம்மா அழுதுச்சு. இவரு வண்டிதான் நின்னுச்சு. எழுதிப்புட்டேன்."

அடுத்தது ஆட்டுக்காரம்மா. ஆட்டை வீட்டில் விட்டுவர ஆளில்லை என்று கூடவே கூட்டிவந்திருந்தார். கால் கூடிவிட்ட ஆடு, கோர்ட் வாசல் வேப்பமரத்தில் கட்டிக் கிடந்தபடி, அன்றைய வழக்குப் பட்டியலை அறிவிப்புப் பலகையிலிருந்து உருவித் தின்றுகொண்டிருந்தது.

"ஒங்க ஆட்ட இடிச்சது இந்த மொபெட்டாம்மா?" என்று கேட்டேன்.

"இந்த மொபெட்டா? இது இடிச்சிருந்தா எங்க ஆடு திருப்பி இடிச்சிருக்கும்! ஒரு வெள்ளக் காரு, கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள போயிருச்சு. இத அன்னைக்கே சொன்னேன், எழுதுன அய்யா கேக்கலையே."

ஆடு விடுதலை. அதாவது, ஆட்டிலிருந்து அண்ணன் விடுதலை. நான் சிரித்துக்கொண்டே திரும்பினேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். வெளியே வந்ததும் ஏட்டையா அருகில் வந்து ஏதோ சொல்ல முயன்றார். "விடுங்க ஏட்டையா, ஒங்க நாக்கு நல்ல நாக்கு" என்று அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

லைசென்ஸ் திரும்பிவந்த அன்று தாளாளர் பெற்றோரைக் கூட்டியிருந்தார். அண்ணன் என்னையும் வரச்சொல்லி, தீர்ப்பை உரக்கப் படிக்கச் சொன்னார். நான் கெட்டிக்காரத்தனமாக ஆட்டுப் பகுதியிலிருந்து ஆரம்பித்தேன். தோளைத் தொட்டார்.

"மேலேருந்து படிங்க தம்பி. குடிச்சேன்னு எழுதியிருக்குல்ல, அதையும் படிங்க. அத விட்டுட்டு ஆட்ட மட்டும் படிச்சா, அன்னைக்கு ஏட்டையா எழுதுனதுக்கும் நாம படிக்கிறதுக்கும் என்ன வித்தியாசம்?"

மேலிருந்து படித்தேன். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அவர் தலை குனிந்து நின்றார். கடைசியில் பின்வரிசையில் இருந்து ஓர் அம்மா எழுந்து, "நாளைக்கு ஏழே முக்காலுக்குத்தானே வருவீங்க?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் ஏழே முக்காலுக்கு வேன் வந்தது. அதற்குப் பிறகு மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவருவது தைலம் மட்டும்தான்.

நான் அடுத்த சில நாட்களில் கோட்டைக் கழற்றிவிட்டு எழுத வந்துவிட்டேன். பொய்யைச் சரசரவென்று எழுதவிடும் தொழில் என்பதால் எனக்கு இது பிடித்துப்போயிற்று. ஆனாலும் பழக்கம் விடவில்லை. இந்தக் கட்டுரையை அச்சுக்கு அனுப்பும் முன், நேற்று மத்தியானம் வேன் ஓய்வாக நிற்கும் நேரம் பார்த்து அண்ணனுக்கு போன் போட்டு முழுதும் படித்துக்காட்டினேன். காளை வந்த இடத்தில் சிரித்தார். மொபெட்டைப் பற்றி எழுதியதற்கு ஆட்சேபம் தெரிவித்தார். அழுத இடத்தை மட்டும் வேகமாகப் படிக்கச் சொன்னார். நான் எழுதியிருந்த கடைசி வரிக்கு வந்தேன்: 'என் பதினோரு மாத வக்கீல் வாழ்க்கையில் அவர் ஒரு கட்சிக்காரர், அவ்வளவுதான்.'

நாக்கு தட்டியது.

"தம்பி, அந்த எடத்தத் திருப்பிப் படிங்க."

படிக்கவில்லை. அந்த வரியை அடித்துவிட்டு, "ஒங்க மேல எனக்கு உசுருண்ணே" என்றேன். அதையும் திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். இரண்டு தடவையும் நாக்கு தட்டவில்லை.